ஐயனார் பட்டியில் நாற்பத்தொரு சூலம்

அத்தியாயம் 5

மாங்குளம் ரயில் நிலையம் உடையார்கட்டுக்கு வந்து ஒரு வருடம் ஆகப்போகிறது. ரயில் நிலையம் எப்படி நடந்து வரும் என்று கேட்கிறவர்களுக்கு வன்னியைத் தெரியாது. தொண்ணூற்றெட்டில் சண்டை மாங்குளத்தை நெருங்கியபோது பள்ளிக்கூடம் இடம்பெயர்ந்தது, ஆசுபத்திரி இடம்பெயர்ந்தது, சங்கக்கடை இடம்பெயர்ந்தது. நிலைய அதிபர் தில்லைநாதன் மட்டும் சும்மா இருப்பாரா? பச்சைக் கொடி, சிவப்புக் கொடி, ரப்பர் முத்திரை, வரவுப் பதிவேடு நான்கையும் தகரப் பெட்டியில் போட்டு சைக்கிளில் கட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். ஒரு கிடுகுக் கொட்டிலுக்கு முன்னால் ‘மாங்குளம் புகையிரத நிலையம் (இடம்பெயர்ந்தது)’ என்று பலகையும் கொழுவிவிட்டார். வடக்கே ரயில் ஓடி ஒன்பது வருடம். தண்டவாளமும் சிலிப்பர் கட்டையும் எப்போதோ பதுங்குகுழிகளுக்குள் போய்விட்டன. ஆனாலும், ஊரை இயக்கம் ஆண்ட காலத்திலும், கொழும்பு அரசாங்கம் சம்பளம் அனுப்பியது, அவரும் தினமும் காலை எட்டு மணிக்குக் கையெழுத்து வைத்தார்.

வேலை நின்றுபோன மனிதருக்கு மூளை மட்டும் நிற்கவில்லை. காணாமற்போன தண்ணீர்ப் பம்பி, பெயர் போடாமல் வந்த மொட்டைக் கடிதம், ஒரே காணிக்கு இரண்டு உறுதிப்பத்திரம் என்று ஊரில் எது சிக்கினாலும் சனம் அவரிடம் வரும். அவரும் அவிழ்த்துக் கொடுப்பார். கூலி ஒன்றும் வாங்குவதில்லை. அரசாங்கச் சம்பளத்தைச் சும்மா வாங்குகிற உறுத்தல் அப்படிக் கொஞ்சம் குறைந்தது.

அவருக்கு உதவியாள் சிவலட்சுமி. நாற்பது வயது. நீதிமன்றத்தில் தட்டெழுத்தாளராக இருந்தவள். நீதிமன்றம் பூட்டுண்ட பிறகு தட்டெழுத்து இயந்திரமும் வாயும் அவளுக்கு மிஞ்சின. மண்ணெண்ணெயில் ஓடும் மோட்டார் சைக்கிளை ஓட்டுவதும் அவள்தான். ஊரெல்லாம் மாஸ்டர் என்று கூப்பிடும் தில்லைநாதன் பின்னால் குடை பிடித்துக்கொண்டு உட்காருவார்.

அன்று காலை வாசலில் ஒரு பெண்ணின் நிழல் விழுந்ததும் சிவலட்சுமி உள்ளே எட்டிச் சொன்னாள்.

“மாஸ்டர், அடுத்த ரயிலுக்கு ஆள் வந்திருக்கு.”

“நீர் சும்மா இரும். வாங்கோ அம்மா, இருங்கோ.”

வந்தவள் கதிரையில் உட்காரவில்லை, நிலத்தில் குந்தினாள். பெயர் வடிவம்மா. எழுபத்தேழுக் கலவரத்தில் மலைநாட்டிலிருந்து அடிபட்டு ஓடிவந்த குடும்பம். அவள் புருசன் ராசு பன்னிரண்டு வருடமாக ஐயனார் கோயில் மாட்டுப்பட்டியை மேய்க்கிறவன்.

“எங்க வூட்டுக்காரர மறியல்ல புடிச்சு அடைச்சுட்டாங்க ஐயா. மாட்டுக் களவாம். பட்டியில நிக்கிற ஒரு செவலைப் பசு தன்னோடதுன்னு அக்கராயன் ஊரு ஐயா ஒருத்தரு எழுதிக் குடுத்துட்டாரு. மூணு வருசம் கெடைக்கும்னு சொல்றாங்க. பங்கர் வெட்டக் கொண்டுபோயிட்டா ஆளு திரும்பி வருமாய்யா?”

அழுகை வரவில்லை அவளுக்கு. அழுது முடித்துவிட்டு வந்திருந்தாள்.

“ஐயனார் மாடெண்டு கோயில்காரர் சொல்ல மாட்டினமோ?” என்று கேட்டார் தில்லைநாதன்.

சிவலட்சுமி சிரித்துவிட்டாள். “மாஸ்டர், ஐயனாருக்கு எங்கை மாடு? எல்லாம் அரசாங்கத்தின்ர. அந்த வழக்குத் தீர்ப்பைத் தட்டினதே நான்தான்.”

அந்தக் கதை ஊருக்கே தெரியும். கோயிலுக்கு இரண்டு தர்மகர்த்தாக் குடும்பங்கள். திருவிழாவில் முதல் காளாஞ்சி மரியாதை யாருக்கு என்று மண்டை உடைபட்டு, எண்பத்தொன்றில் வழக்காயிற்று. இரு பகுதியும் சமாதானமாகும்வரை கோயிலின் வயல், தோப்பு, மாட்டுப்பட்டி எல்லாவற்றையும் அரசாங்கம் பொறுப்பெடுக்கட்டும் என்று நீதவான் சொன்னார். இரு பகுதியும் இன்றுவரை சமாதானமாகவில்லை. ஆலயச் சொத்துப் பொறுப்பலுவலகம் என்று ஒன்று முளைத்தது. அது ஆலமரமாகி, ஐயனாருக்கு மிஞ்சியது ஒரு தூண்டாமணி விளக்கு. அதற்கு எண்ணெய் ஊற்றவும் அலுவலகத்துக்கு விண்ணப்பம் எழுத வேண்டும்.

“இயக்கத்தின்ர காவல் நிலையத்தில என்ன சொல்லுகினம்?” தில்லைநாதன் எழும்பிச் சட்டையை மாட்டினார். முத்திரை எப்போதும்போலச் சட்டைப்பையில் இருந்தது.

“அந்த மாடு சாமி மாடுன்னு நிரூபிச்சா வுட்ருவாங்களாம்.”

“அப்ப சுகம்தானே” என்றாள் சிவலட்சுமி. “ஐயனார் மாட்டுக்குச் சூலக்குறி இருக்கும். போய்ப் பாப்பம். இருந்தால் ராசு வீட்டை, இல்லாட்டி பங்கருக்கை.”

அவ்வளவு சுகமாக முடியும் என்று அவள் உண்மையாகவே நம்பினாள்.

*

பட்டி கோயிலுக்குப் பின்னால் இருந்தது. முட்கம்பியும் அலம்பல் கிளைகளும் வைத்துக் கட்டிய வேலிக்கு வெளியே ஒரு வயதான மனிதர், மடியில் ஒரு கட்டு அறுகம்புல்லோடு நின்றார். அக்கராயனில் பன்னிரண்டு ஏக்கர் வயல் செய்தவர், பரமேஸ்வரன். தொண்ணூற்றாறில் செல்லடிக்குள்ளால் ஓடும்போது மாடுகளைக் கயிறு வெட்டி விட்டுவிட்டு வந்தவர்களில் ஒருவர். இப்போது தறப்பாள் விரிப்பில் கூரை போட்ட கொட்டிலில் தனியாக இருக்கிறார்.

“மாஸ்டர் வந்திட்டியளோ? இனிப் பயமில்லை” என்று கும்பிட்டார். “நான் ராசுவோட கோவத்தில எழுதிக் குடுக்கேல்லை. அந்தச் செவலை என்ர மாடு. ‘ப’ எண்டு குறி சுட்டது நான். இந்தச் சூலம் எங்கையிருந்து வந்ததெண்டு எனக்குத் தெரியாது.”

“பாக்கிறன் ஐயா.”

“நீங்கள் பாத்துச் சொன்னால் நான் கேப்பன். வேற ஆர் சொன்னாலும் கேக்கன்.”

உள்ளே நாற்பத்தொரு மாடுகள் நின்றன. பசு, கன்று ஈனாத நாகு, காளை நாம்பன் என்று எல்லா வயதும். சிவலட்சுமி பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு சாணத்துக்குள் இறங்கினாள். ஒவ்வொன்றின் பின்தொடையிலும் சொந்தக்காரரின் எழுத்து. அதற்குப் பக்கத்தில் சூலம். ‘கா’வும் சூலமும், ‘வே’யும் சூலமும், ‘ப’வும் சூலமும். விட்டுப்போனது ஒன்றுகூட இல்லை.

“முடிஞ்சுது மாஸ்டர். நாப்பத்தொண்டிலயும் சூலம். எழுத்து இருக்கிறதெண்டால் அது நேர்ந்து விட்டவையின்ர எழுத்து. முதல் வீட்டுக் குறி, பேந்து சாமிக் குறி. அதுதானே வழமை? பரமேஸ்வரன் ஐயா மறந்துபோய் நேர்ந்திருப்பார். வாங்கோ, எழுதிக் குடுத்திட்டுப் போய் மத்தியானச் சோறு தின்னுவம்.”

தில்லைநாதன் அசையவில்லை. செவலைப் பசுவின் தொடையில் கையை விரித்து வைத்துக்கொண்டு நின்றார். பிறகு பக்கத்து நாகின் தொடையில் வைத்தார். பிறகு ஒரு கிழட்டு நாம்பனில் வைத்தார். நாம்பன் அவரை ஒரு உதை விட்டது, மயிரிழையில் தப்பினார்.

“மாஸ்டர், கைரேகை பாக்கிறியளோ?”

“ஏதோ ஒண்டு சரியில்லைப் பிள்ளை. என்னெண்டு தெரியேல்லை. எல்லாம் வலு வடிவாக் கிடக்கு.”

“வடிவாக் கிடந்தால் அதுவும் குற்றமோ?”

“சூடு எப்ப வைச்சதெண்டு பாத்தால் சொல்லலாமோ?”

“பச்சையாக இருந்தால் சொல்லலாம். ஒரு ஏழெட்டு மாதம் போனால் எல்லாத் தழும்பும் ஒரே தழும்புதான். எங்களிலயும் அப்பிடித்தானே.”

பட்டிக்கு ஒட்டியபடி வடிவம்மாவின் குடிசை. அலுவலகம் ‘தயவில்’ கொடுத்த இடம். புருசன் குற்றவாளியானால் குடிசையும் போகும். வடிவம்மா அதைச் சொல்லவில்லை. வெறும் தேத்தண்ணியும் உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியும் வைத்து நீட்டினாள்.

நீட்டிய கையின் உட்புறத்தில் பச்சை குத்தியிருந்தது. சிவலட்சுமி அதைக் குனிந்து பார்த்தாள். கோடுகள் பரந்து, வளைந்து, இன்னதென்று விளங்காமல் கிடந்தன.

“இது என்ன, நண்டோ?”

வடிவம்மாவுக்கு அத்தனை துயரத்திலும் சிரிப்பு வந்துவிட்டது. “தேளு அக்கா. ஆறு வயசுல ஆயா குத்திவுட்டது. அப்ப சின்னத் தேளு, இம்புட்டுத்தான். கை வளர வளர அதுவும் கூடவே வளந்து, இழுத்துக்கிட்டு, நண்டாப் போச்சு.”

“நல்ல காலம், முதலை குத்தேல்லை” என்றாள் சிவலட்சுமி.

தில்லைநாதனின் கையில் இருந்த தேத்தண்ணி சட்டையில் சிந்தியது.

“பிள்ளை! எழும்பும்!”

“ஐயோ, என்ன?”

அவர் பதில் சொல்லாமல் பட்டிக்கு ஓடினார். ஐம்பத்தெட்டு வயதில் அவர் ஓடி அவள் பார்த்ததில்லை. செவலைப் பசுவின் பக்கத்தில் போய் நின்று மூச்சு வாங்கினார்.

“இந்த ‘ப’வை அளவும். விரலால.”

“ஒரு சாணுக்கு மேல. கோணல் வேற. ஆள் நல்லாச் சுடத் தெரியாத ஆள்.”

“கோணலாச் சுடேல்லைப் பிள்ளை. கன்றில சுட்டது. கன்று வளர எழுத்தும் வளர்ந்து இழுபட்டுப் போச்சு. அம்மாவின்ர தேள் மாதிரி. இப்ப சூலத்தை அளவும்.”

சிவலட்சுமி நான்கு விரலைச் சேர்த்து வைத்தாள். சூலம் விரல்களுக்குள் அடங்கியது.

“நாலு விரல்.”

“அந்த நாகில?”

“நாலு விரல்.”

“கிழட்டு நாம்பனில நான் அளந்தனான். நாலு விரல். நாப்பத்தொரு மாடு, நாலு வயசும் இருக்கு, பன்னிரண்டு வயசும் இருக்கு. எல்லாத்திலயும் ஒரே நாலு விரல். ஐயனாருக்கு என்னத்தை நேருவினம்?”

சிவலட்சுமி சூலத்திலிருந்து விரலை எடுக்காமலே சொன்னாள். “தலையீத்துக் கன்று. வைகாசிப் பொங்கலுக்குக் கோயிலடியில வைச்சுச் சுடுறது. வளர்ந்த மாட்டை ஐயனார் எடுக்கமாட்டார்.”

“அப்ப சூலமும் எழுத்தளவுக்கு வளர்ந்திருக்க வேணும். இது வளரேல்லை. இந்த மாடெல்லாம் வளர்ந்தாப் பிறகு, ஒரே நேரத்தில, ஒரே கம்பியால சுட்டது. ஒண்டும் ஐயனாரின்ர மாடில்லை. எல்லாம் இடம்பெயர்ந்த சனத்தின்ர.”

நல்ல துப்பு. சிவலட்சுமிக்குக் கைதட்ட வேண்டும் போல இருந்தது. இத்தனை மாதத்தில் மாஸ்டர் அவிழ்த்த முடிச்சுகளில் இதுபோல ஒன்றில்லை. திரும்பினாள். வேலியைப் பிடித்தபடி வடிவம்மா நின்றாள். அவள் முகத்தைப் பார்த்ததும் இவளுடைய சந்தோசம் அப்படியே வற்றிப்போனது.

ராசுவைக் காப்பாற்ற வந்தவர்கள், ராசுவின் பட்டியில் நிற்பது முழுக்கக் களவு மாடு என்று நிரூபித்துவிட்டார்கள்.

“சுட்டது அவருதாங்கய்யா” என்றாள் வடிவம்மா மெல்ல. “போன தை மாசம். ஆபிசர் ஐயா கம்பியக் கொண்டாந்து குடுத்தாரு. காட்டுல நிக்கிறதெல்லாம் கட்டாக்காலி மாடு, ஆளில்லாத மாடு கவுர்மெண்டு மாடு, சாமிக்குச் சேக்கிறோம்டா, சுடுன்னாரு. கம்பிய வூட்டுலயே வச்சுக்கன்னும் சொல்லிட்டாரு. சாமிக்குத்தானேன்னு சுட்டாரு. நானுந்தான் நெருப்பு ஊதிக் குடுத்தேன்.”

*

பொறுப்பதிகாரி முத்துலிங்கம், கோயில் வீதியில் கல்வீடு ஒன்றின் முன்னறையை அலுவலகமாக்கி வைத்திருந்தார். விபூதி, சந்தனம், அயன் பண்ணிய வெள்ளைச் சட்டை. சவர்க்காரம் கண்ணில் காணக் கிடைக்காத காலத்தில் அப்படி ஒரு வெள்ளை.

தில்லைநாதன் உட்காராமலே எல்லாவற்றையும் சொன்னார். எழுத்து வளர்ந்ததை, சூலம் வளராததை, கம்பி வந்த வழியை. முத்துலிங்கம் மறுப்பார், கத்துவார், மேசையில் அடிப்பார் என்று சிவலட்சுமி எதிர்பார்த்தாள். பதிலுக்கு இரண்டு வசனமும் தயாராக வைத்திருந்தாள்.

முத்துலிங்கம் வெகு நேரம் கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு தலையாட்டினார்.

“சரியாப் பிடிச்சிட்டியள் மாஸ்டர். எனக்கே இது மூளையில ஓடேல்லை. அந்தக் கம்பியைக் கொஞ்சம் பெரிசா அடிப்பிச்சிருக்கலாம்.”

தயார்ப்படுத்திய வசனங்கள் சிவலட்சுமிக்குப் பிரயோசனப்படவில்லை.

“ஐயனாரின்ர மாடெல்லாம் எங்கை?” என்று கேட்டாள்.

“எனக்குத் தெரியாது தங்கச்சி. உண்மையாத்தான் சொல்லுறன். நான் இந்த ஒஃபிசைப் பாரமெடுக்கேக்கை பதிவேட்டில நாப்பத்தொண்டு, பட்டியில ஆறு. எனக்கு முதல் இருந்தவர் நாப்பத்தொண்டு எண்டு பாரம் தந்தார், நான் நாப்பத்தொண்டு எண்டு பாரமெடுத்தன். அவரும் அவருக்கு முந்தினவரிட்டை அப்பிடித்தான். பாரமெடுக்கிற அண்டைக்கு ஆர் காட்டுக்கை போய் மாடு பாக்கிறது? தாளைப் பாத்துக் கையெழுத்து வைக்கிறதுதானே.”

“அந்த ஆறு?”

“ரெண்டு, மகளின்ர கலியாணத்துக்கு. மிச்சம் இறைச்சிக் கடைக்கு.” அவர் வெட்கப்படவில்லை. “முப்பத்தைஞ்சை ஆரோ திண்டிட்டான், ஆறைத் திண்ட நான்தான் பாவியோ? போன தையில வவுனியாவில இருந்து பரிசோதகர் வாறார் எண்டு கடிதம் வந்தது. நான் என்ன செய்ய? காடு நிறையக் கட்டாக்காலி.”

“கட்டாக்காலி இல்லை” என்றார் தில்லைநாதன். “சொந்தக்காரர் இருக்கினம். தறப்பாளுக்குக் கீழை.”

“சனமே கட்டாக்காலியா நிக்குது மாஸ்டர், மாட்டுக்கு என்ன சொந்தக்காரர்?”

“பரிசோதகர் வந்தவரோ?”

“எங்கை வாறது? பாதையைப் பூட்டிப் போட்டாங்கள். என்னையே பாத்து எழுதி அனுப்பச் சொன்னார். பாத்து எழுதி அனுப்பினன்.”

சிவலட்சுமிக்குச் சிரிப்பு வரவேண்டிய இடம் அது. வரவில்லை.

“நான் இதை அப்பிடியே காவல் நிலையத்துக்கு எழுதப்போறன்” என்றார் தில்லைநாதன்.

“எழுதுங்கோ. நான் வேண்டாம் எண்டு சொல்லேல்லை.” முத்துலிங்கம் தேத்தண்ணிக் கோப்பையை அவர் பக்கம் தள்ளினார். “மாடு ஐயனாரின்ர இல்லை, களவு மாடெண்டு எழுதுவியள். சுட்டது ஆர்? ராசு. கம்பி ஆற்ற வீட்டில? ராசுவின்ர. பட்டி ஆற்ற பொறுப்பில? ராசுவின்ர. நான் சொல்லிச் சுட்டதெண்டு ஒரு துண்டுக் கடதாசி இருக்கோ?”

“வடிவம்மா சாட்சி சொல்லுவா” என்றாள் சிவலட்சுமி.

“நீங்கள் கோட்டில வேலை செய்தனீங்கள் தங்கச்சி. புருசனுக்காகப் பெண்சாதி சொல்லுற சாட்சி எவ்வளவு எடுபடும் எண்டு உங்களுக்கு நான் சொல்லவேணுமே?”

அப்படி எத்தனை சாட்சியம் சிவலட்சுமி தன் கையாலேயே தட்டியிருக்கிறாள். எல்லாம் குப்பைக்கூடைக்குப் போனவை.

முத்துலிங்கம் லாச்சியிலிருந்து ஒரு கடிதத்தை எடுத்தார். காவல் நிலையம் அனுப்பியது. பட்டியில் நிற்பவை ஆலயத்துக்கு உரிய மாடுகள்தானா என்று கேட்டிருந்தது. பொறுப்பலுவலகத்தின் சொல் மட்டும் போதாது, வேறொரு திணைக்களத்து உத்தியோகத்தர் நேரில் பார்த்து ஒப்பமிட வேண்டும் என்றும் இருந்தது.

“காலமை முழுக்க நீங்கள் பட்டிக்குள்ளை நிண்டு ஒவ்வொண்டாத் தொட்டுப் பாத்தியள், ஊரே கண்டது. உங்களை விட இதுக்கு ஆர்? நாப்பத்தொரு மாட்டிலயும் ஐயனாரின்ர பழஞ்சூலம் இருக்கெண்டு ஒரு வரி எழுதுங்கோ. பொழுதுபடமுதல் ராசு வீட்டை. குடிசையும் அவையளுக்கே. நீங்கள் வந்த அலுவல் அதுதானே?”

“பொய் எழுதச் சொல்லுறியள்.”

“மாங்குளம் ஸ்டேசனுக்கு இண்டைக்கு எத்தினை ரயில் வந்தது மாஸ்டர்?”

தூரத்தில் எங்கோ ஆட்டிலறி இரண்டு தரம் முழங்கி ஓய்ந்தது.

“காலமை கையெழுத்து வைச்சிட்டுத்தானே வந்தனீங்கள்? நான் பிழை சொல்லேல்லை. எல்லாரும் அப்பிடித்தான் இருக்கிறம். சாமியின்ர சொத்து அரசாங்கத்தின்ர எண்டாங்கள், அரசாங்கம் எங்கையோ இருக்கு, இஞ்சை இருக்கிறது நானும் நீங்களும்தான்.”

மாஸ்டர் இப்போது ஏதாவது சொல்வார் என்று சிவலட்சுமி காத்திருந்தாள். எப்போதும் கடைசியில் ஒன்று வைத்திருப்பாரே. எதிராளி எழும்பிப் போகும்போது பின்னாலிருந்து ஒரு வார்த்தை போடுவாரே. அவர் தன் சட்டைப்பையைப் பார்த்துக்கொண்டு நின்றார். அந்த மனிதர் ஒரே நிமிடத்தில் கிழண்டு போனதை அவள் கண்ணால் கண்டாள். அவளுக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. முத்துலிங்கத்தின் மேல் வந்ததா, தன் மேல் வந்ததா என்று தெரியவில்லை.

வெளியே வந்தாள். வேப்பமரத்துக்குக் கீழே, பேச்செல்லாம் கேட்கிற தூரத்தில், வடிவம்மா நின்றாள்.

“நெசத்த எழுதினா அவரு வருவாராக்கா?”

“வரமாட்டார்.”

“பொய்ய எழுதினா?”

“பொழுதுபடமுதல் வருவார்.”

வடிவம்மா கெஞ்சுவாள் என்று நினைத்தாள். கெஞ்சியிருந்தால் சுகமாக இருந்திருக்கும்.

“அந்த அக்கராயன் ஐயாவோட மாடு கறவ மாடுக்கா” என்றாள் வடிவம்மா. “பாவம், டெய்லி புல்லு கொண்டாந்து வேலிக்குள்ள போட்டுட்டுப் போவாரு.” பிறகு முந்தானையை வாய்க்குள் திணித்துக்கொண்டு மரத்தின் பக்கம் திரும்பிவிட்டாள்.

சிவலட்சுமி உள்ளே போனாள். யாரையும் கேட்கவில்லை. அலுவலக இயந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து தாளைச் செருகினாள். விளக்குக் கரியும் தேங்காய் எண்ணெயும் பூசிய ரிப்பன், எழுத்துகள் மங்கலாகத்தான் விழுந்தன. ‘மேற்படி பட்டியிலுள்ள நாற்பத்தொரு மாடுகளையும் நான் நேரிற் சென்று பரிசீலித்ததில், யாவற்றிலும் ஆலயத்துக்குரிய பழைய சூலக்குறி காணப்படுகிறது என உறுதிப்படுத்துகிறேன்.’ ஒரு பிழையும் விடாமல் தட்டினாள். இருபது வருடத்தில் இவ்வளவு சுத்தமாக ஒரு தாள் அவள் தட்டியதில்லை.

தாளை உருவி மாஸ்டரின் முன்னால் வைத்தாள்.

“நீர் ஏன் பிள்ளை தட்டினீர்?” என்றார் அவர் தாழ்ந்த குரலில்.

“நீங்கள் தனியப் பொய் சொல்லவேண்டாம் எண்டுதான்.”

தில்லைநாதன் கையெழுத்து வைத்தார். முத்திரையை எடுத்து வாயால் ஊதி, குத்தினார். முத்துலிங்கம் மரியாதையாக எழும்பி நின்று இரண்டு கையாலும் அந்தத் தாளை வாங்கினார். ஐயனாரின் நாற்பத்தொரு மாடுகளும் அந்த நிமிடம் முழுசாகத் திரும்பி வந்துவிட்டன.

*

மோட்டார் சைக்கிள் பட்டியடியால்தான் போகவேண்டும். வேறு பாதை இருந்தால் சிவலட்சுமி காடு சுற்றியாவது போயிருப்பாள். பரமேஸ்வரன் நடுத்தெருவுக்கு வந்து கையைக் காட்டினார். மண்ணெண்ணெய்ப் புகை கக்கிக்கொண்டு வண்டி நின்றது.

“என்ன மாதிரிப் பிள்ளை?”

மாஸ்டர் பின்னால் இருந்து இறங்கவில்லை. குடையை விரித்துப் பிடித்தபடி, எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார். பதில் சொல்வது அவளுடைய வேலையாகிவிட்டது.

“பழைய சூலம் ஐயா. எல்லாத்திலயும்.”

“செவலையிலயுமோ?”

“ஓம்.”

“மாஸ்டர் தொட்டுப் பாத்தவரோ?”

“ஓம்.”

“கையெழுத்து வைச்சவரோ?”

“ஓம் ஐயா.”

கிழவர் சண்டை பிடிப்பார் என்று அவள் தோளை இறுக்கிக்கொண்டாள். ‘பொய், பொய்’ என்று கத்தினால் போதும், வண்டியைப் போட்டுவிட்டு இறங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்றுகூட ஒரு நினைப்பு ஓடியது. பரமேஸ்வரன் கத்தவில்லை. பின்வாங்கிப் போய் வேலிக்கட்டையில் சாய்ந்தார்.

“அப்ப நான்தான் பிழை விட்டிட்டன். மாஸ்டர் பொய் எழுதமாட்டார்.” தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். “‘ப’ எண்டு குறி சுடுறவன் உலகத்தில நான் ஒருத்தனே? மூண்டு வருசமாப் போச்சு. கண்ணும் முந்தினமாதிரி இல்லை. செவலையெண்டால் எல்லாம் ஒரே செவலையாத்தான் தெரியுது.”

அவருடைய குரல் கேட்டுச் செவலைப் பசு வேலியடிக்கு வந்தது. முட்கம்பிக்கு மேலால் தலையை நீட்டி, அவருடைய தோளில் மூக்கை வைத்து முகர்ந்தது. பிறகு பிடரியை நக்கத் தொடங்கியது. பரமேஸ்வரன் சட்டென்று விலகினார். சாமி மாட்டைத் தொட்டுவிட்ட பயம் அவர் முகத்தில் இருந்தது.

“போ அங்காலை. நீ ஐயனாரின்ர மாடு. என்னட்டை ஏன் வாறாய்?”

மாடு போகவில்லை. அவர் குனிந்து ஒரு மண்ணாங்கட்டியை எடுத்து எறிந்தார். அது முகத்தில் பட்டு உதிர்ந்தது. மாடு கண்ணைச் சிமிட்டிவிட்டு அதே இடத்தில் நின்றது.

சிவலட்சுமி கிளச்சை இறுக்கிப் பிடித்தாள்.

“பிள்ளை, ராசு இண்டைக்கு வந்திடுவானெல்லே?” என்று கேட்டார் பரமேஸ்வரன்.

“ஓம் ஐயா. பொழுதுபடமுதல்.”

“நல்லது. ஒண்டும் செய்யாத மனிசனை மறியலுக்கு அனுப்பிப்போட்டன். அவனிட்டை மன்னிப்புக் கேக்காமல் நான் கொட்டிலுக்குப் போகேலாது. இதிலையே நிக்கிறன், நீங்கள் போங்கோ.”

அவர் சால்வையை இடுப்பில் கட்டிக்கொண்டார். மாட்டுக்கு முதுகைக் காட்டித் தெருக்கரையில் நின்று, ராசு வரும் வழியைப் பார்க்கத் தொடங்கினார்.